குழூஉக்குறி முதல் கடவுச்சொல் வரை

முன்னுரை

திருப்பூரில் பின்னலாடைத் தொழில் புரிவோர்க்கு நூல் எவ்வளவு இன்றியமையாததோ, அவ்வளவு இன்றியமையாததாகக் கணிப்பொறியும் இன்று ஆகிவிட்டது. வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆர்டர், சாம்பிளுக்குரிய அளவுக் குறிப்பு, சாயப்பட்டறைக்குச் செல்லும் நிறக் குறிப்பு, விலைப்பட்டியல், வங்கிக் கணக்கெண் ஆகிய அனைத்தும் மின்னஞ்சல் வழியாகவே வந்து போகின்றன. நூல் மூட்டைகளைக் கிடங்கில் வைத்துப் பூட்டுகின்றோம். கணிப்பொறிக்குள் இருப்பனவற்றை எதனால் பூட்டுகின்றோம்?

இக்கட்டுரையாளரிடம் தமிழ் பயின்று, ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராகப் பணியாற்றும் மாணவர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் வாடிய முகத்துடன் இல்லம் தேடி வந்தார். அவருடைய மின்னஞ்சலுக்குள் எவரோ புகுந்து, பல நாள் கடிதங்களைப் பொறுமையாகப் படித்திருக்கின்றனர். சரக்குக் கப்பலேறும் வேளை பார்த்து, ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, பணத்தைப் புதிய கணக்கிற்கு அனுப்புக’ என்று அவர் பெயராலேயே பையருக்கு எழுதிவிட்டனர். பையரும் அனுப்பிவிட்டார். அவ்விழப்பினால் அவ்வாண்டு தையல் பிரிவுத் தொழிலாளர்களுக்குரிய போனஸ் பல வாரங்கள் தள்ளிப்போயிற்று. ‘என்ன கடவுச்சொல் வைத்திருந்தீர்?’ என வினவியபோது, மகளின் பெயரோடு 786 என்னும் எண்ணைச் சேர்த்து வைத்திருந்ததாகக் கூறினார். ‘ஒருவருக்கும் நான் சொல்லவில்லையே ஐயா!’ என்று கலங்கினார்.

சொல்லாத சொல்லைக் கள்வர் எவ்வாறு அறிந்தனர்? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். இது பொறியியலாளர்க்கே உரிய வினா என்று ஒதுக்கிவிடுதற்கில்லை. இதன் விடையை முதன்முதலில் கண்டவர்கள் மொழியறிஞர்களே.

மறைத்துப் பேசும் மரபு

தம் கூட்டத்தார் மட்டும் அறியுமாறு பேசுதல் தமிழர்க்குப் புதிதன்று. நன்னூலார் தகுதி வழக்கினுள் குழூஉக்குறியை ஒன்றாக வைத்தார். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்றும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்றும் கூறுதலை உரையாசிரியர் எடுத்துக்காட்டாகத் தருவர். காங்கேயம் வட்டாரத்து மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டை மேலே போர்த்திக்கொண்டு, ஒருவர் விரலை ஒருவர் பற்றி விலை பேசுவதை நம்மில் பலர் நேரிற் கண்டிருப்போம். சுற்றி நிற்பவர் கண்முன்னேயே பேரம் நடக்கின்றது. ஆயினும் தொகை இருவர்க்கே தெரியும்.

இவ்விரண்டினுள்ளும் ஒரு வேறுபாடு உண்டு. பொற்கொல்லர் மொழி சொல்லை மாற்றுகின்றது. துண்டு, செய்தி செல்லும் வழியை மறைக்கின்றது. இன்றைய கணிப்பொறி இவ்விரண்டையும் இணைத்துச் செய்கின்றது. செய்தியைப் பிறர் அறியா வடிவிற்கு மாற்றுவதனை மறையாக்கம் என்றும், மாற்றவும் மீட்கவும் பயன்படும் இரகசியத்தைத் திறவுகோல் என்றும் வழங்குவர்.

ஓர் எளிய மறையாக்கம்

தமிழ் மெய்யெழுத்துகள் பதினெட்டு. ஒவ்வொரு மெய்க்கும் ஈடாக அதற்கு அடுத்த மெய்யை எழுதுவதென வைத்துக்கொள்வோம். ககரத்திற்கு ஙகரம், பகரத்திற்கு மகரம், இறுதியிலுள்ள னகரத்திற்குச் சுழன்று மீண்டும் ககரம். உயிர் மட்டும் மாறாது. இம்முறைப்படி ‘நூல் வந்தது’ என்பது ‘பூவ் ழப்நநு’ என்றாகும். ‘பனியன்’ என்பது ‘மகிரக்’ என்றாகும். உரோமானியத் தலைவர் சீசர் தம் கடிதங்களில் இத்தகைய முறையையே கையாண்டார்.

இப்பூட்டை உடைப்பது எளிது. எத்தனை எழுத்துத் தள்ளி எழுதப்பட்டுள்ளது என்பதற்கு வழிகள் பதினேழே. ஒவ்வொன்றாக முயன்றால் சிறிது நேரத்திற்குள் உண்மை வெளிப்படும். எல்லா வழிகளையும் முயன்று பார்க்கும் இதனை ‘முழுத்தேடல்’ எனலாம்.

அவ்வாறாயின், வரிசைப்படி தள்ளாமல், எந்த மெய்க்கு எந்த மெய் என்பதை மனம்போனவாறு அமைத்துக்கொண்டால் என்ன? பதினெட்டு மெய்களையும் அவ்வாறு மாற்றி அமைக்க ஏறத்தாழ 64 கோடி கோடி வழிகள் உண்டு. ஒருவர் நொடிக்கு ஒன்றாக முயன்றாலும் இருபது கோடி ஆண்டுகளில் முடியாது. எண்ணிக்கையைக் கண்டு இப்பூட்டு உடையாதது என்றே எவரும் கருதுவர். ஆனால், அஃது உடைந்தது.

மொழியறிஞர் கண்ட வழி

எட்டாம் நூற்றாண்டில் பசுராவில் வாழ்ந்த அல்-கலீல் இப்னு அகமது, அரபு யாப்பிலக்கணத்தை வகுத்தவர்; அம்மொழியின் முதல் அகராதியான ‘கிதாபுல் ஐன்’ என்னும் நூலைத் தொடங்கியவர். எழுத்துகளை எத்தனை வகையாக மாற்றி அடுக்கலாம் எனக் கணக்கிட்டு, அவற்றுள் வழக்கிலுள்ள சொற்கள் யாவை என ஆராய்வது அவர் முறை. மூன்றெழுத்து வேர் ஆறு வகையாகும், நான்கெழுத்து இருபத்து நான்காகும், ஐந்தெழுத்து நூற்றிருபதாகும். முழுத்தேடலின் விதை இவ்வகராதி முறையில் இருப்பதை உணரலாம்.

அவரிடம் கிரேக்க மொழியில் மறைத்து எழுதப்பட்ட கடிதம் ஒன்று வந்தது என்றும், அதனை அவர் படித்துக் காட்டினார் என்றும் வரலாற்றாசிரியர் கூறுவர். எவ்வாறு முடிந்தது எனக் கேட்டோர்க்கு அவர் அளித்த விளக்கம் எளியது. கடிதம் இறைவன் பெயராலேயே தொடங்கியிருக்க வேண்டும் என அவர் முடிவு செய்தார். அத்தொடரை முதல் எழுத்துகளுக்குப் பொருத்தினார். அவ்வெழுத்துகளைக் கொண்டு எஞ்சியவற்றை வெளிக்கொணர்ந்தார். பூட்டை அவர் ஆராயவில்லை. எழுதியவரின் வழக்கத்தை ஆராய்ந்தார்.

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த தத்துவ அறிஞர் அல்-கிந்தி இதனை ஒரு கலையாகவே வளர்த்தார். மறைபொருளை வெளிப்படுத்தும் முறைகளைப் பற்றி அவர் எழுதிய சிறுநூலின் கையெழுத்துப்படி, பல நூற்றாண்டுகளுக்குப் பின் இசுதான்புல் நகரில் கிடைத்தது. அதில் அவர் கூறும் வழி இது: மறைக்கப்பட்ட செய்தி எம்மொழியினது என அறிக, அம்மொழியில் அமைந்த நீண்ட உரை ஒன்றை எடுத்து, எவ்வெழுத்து எத்தனை முறை வருகின்றது என எண்ணுக, மறைச்செய்தியிலும் அவ்வாறே எண்ணுக, மிகுதியாக வருவதை மிகுதியாக வருவதோடும், அருகி வருவதை அருகி வருவதோடும் பொருத்துக.

தமிழுக்கு இம்முறை எவ்வளவு பொருந்தும் என எண்ணிப் பார்த்தால் வியப்பே மிஞ்சும். ககரமும் தகரமும் ஒரு பக்கத்தில் பலமுறை வரும். ஙகரம் அருகியே வரும். டகர, ணகர, றகர, னகரங்கள் தமிழ்ச்சொல்லின் முதலில் வாரா. வல்லின மெய் சொல்லின் ஈற்றில் நில்லாது. ரகரமும் ழகரமும் தம்முன் தாம் இரட்டியா. ஒரு மெய்யை அடுத்துப் பெரும்பாலும் ஒரே வருக்கம் வருமாயின், அது ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற என்னும் இணைகளுள் ஒன்றாதல் கூடும். மொழிமுதல், மொழியிறுதி, மெய்ம்மயக்கம் என்று நாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்த இலக்கணம், மறைபொருளை உடைப்பவர் கையில் உளியாகின்றது. 64 கோடி கோடி வழிகளும் ஒருநாள் மாலைப் பணியாகச் சுருங்கிவிடுகின்றன. எண்ணிக்கை நம்மைக் காக்கவில்லை. பழக்கம் நம்மைக் காட்டிக்கொடுத்தது.

எனிக்மாவும் அவ்வாறே

இரண்டாம் உலகப் போரில் செருமானியர் பயன்படுத்திய எனிக்மா என்னும் பொறி, எழுத்து மாற்றும் முறையை ஒவ்வோர் எழுத்துக்கும் மாற்றிக்கொண்டே செல்வது. வெறும் எழுத்தெண்ணிக்கையால் அதனை உடைத்தல் இயலாது. போலந்து நாட்டுக் கணித அறிஞர்கள் 1932இல் அதன் உள்ளமைப்பைக் கணித வழியிற் கண்டறிந்தனர். பின்னர் இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் பணியாற்றியோர்க்குப் பெருந்துணையாக நின்றவை இயக்குநர்களின் பழக்கங்களே. நாள்தோறும் ஒரே அமைப்பில் அனுப்பப்பட்ட வானிலை அறிக்கைகள், அல்-கலீல் கண்ட தொடக்கத் தொடரைப் போலவே பயன்பட்டன. சில இயக்குநர்கள் எழுந்தமானமாகத் தேர்ந்தெடுக்க வேண்டிய எழுத்துகளுக்குப் பதிலாகத் தம் அன்பிற்குரியவரின் பெயரெழுத்துகளை வைத்தனர். பொறி நுட்பமானது, அதனை இயக்கிய மனிதன் பழையவன்.

இன்று வங்கிகளும் கைப்பேசிகளும் பயன்படுத்தும் மறையாக்கம் எனிக்மாவினும் பன்மடங்கு வலியது. 2001இல் அமெரிக்க அரசு தரமாக ஏற்ற ஏ.இ.எஸ். என்னும் முறையில், மிகச் சிறிய திறவுகோலுக்கே 39 இலக்கம் கொண்ட எண்ணிக்கையில் வழிகள் உண்டு. உலகிலுள்ள கணிப்பொறிகள் அனைத்தும் சேர்ந்தாலும் அவற்றை முழுத்தேடலால் முயன்று முடித்தல் இயலாது. ஆகவே, கள்வர் அப்பூட்டைத் தொடுவதில்லை. திறவுகோல் வைத்திருக்கும் மனிதனைத் தேடி வருகின்றனர்.

கடவுச்சொல்லின் வரலாறு

அமெரிக்காவின் மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் 1960களின் தொடக்கத்தில் பலர் ஒரே கணிப்பொறியைப் பகிர்ந்து பயன்படுத்தினர். ஒவ்வொருவர் கோப்பும் தனித்திருக்கக் கடவுச்சொல் முறை அங்கு புகுத்தப்பட்டது. 1962இல் அங்குப் பயின்ற ஆய்வு மாணவர் ஒருவர், தமக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதாமையால், எல்லாருடைய கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பைப் பொறியைக் கொண்டே அச்சிட்டு எடுத்துக்கொண்டார். கடவுச்சொல் தோன்றிய காலத்திலேயே கடவுச்சொல் திருட்டும் தோன்றிவிட்டது.

அதன்பின் கடவுச்சொல்லை உள்ளவாறே சேமிக்காமல், ‘ஹாஷ்’ என்னும் கணக்கின் வழியே உருமாற்றிச் சேமிக்கும் வழக்கம் வந்தது. அரிசியை அரைத்தால் மாவாகும். மாவை மீண்டும் அரிசியாக்க முடியாது. அதுபோல் கடவுச்சொல்லிலிருந்து ஹாஷ் வரும். ஹாஷிலிருந்து கடவுச்சொல்லை மீட்க முடியாது. நாம் உள்நுழையும்போது, தட்டச்சு செய்த சொல்லைக் கணிப்பொறி மீண்டும் அரைத்து, இருப்பிலுள்ள மாவோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றது. கள்வன் மாவு மூட்டையைத் திருடிச் சென்றாலும் அரிசி அவனுக்குக் கிட்டாது.

ஆயினும், அவன் வேறொன்று செய்கின்றான். மக்கள் வைக்கக்கூடிய சொற்களை ஒவ்வொன்றாகத் தானே அரைத்துப் பார்க்கின்றான். எந்த மாவு ஒத்துவருகின்றதோ, அந்த அரிசியே கடவுச்சொல். இதனைத் தடுக்க ஒவ்வொருவர் சொல்லோடும் வெவ்வேறு எண்ணெழுத்துக் கலவையைச் சேர்த்து அரைப்பர். அக்கலவைக்கு ‘உப்பு’ என்றே கணிப்பொறியாளர் பெயரிட்டுள்ளனர். உப்பு, பலர் மாவை ஒரே முயற்சியில் ஒப்பிடுவதைத் தடுக்கும். எளிய சொல்லை வைத்தவரைக் காப்பாற்றாது.

மக்கள் வைக்கும் சொற்கள் எத்தகையன? ராபர்ட் மோரிசு, கென் தாம்சன் என்னும் இரு வல்லுநர்கள் 1979இல் வெளியிட்ட ஆய்வில் 3,289 கடவுச்சொற்களை ஆராய்ந்தனர். அவற்றுள் 86 விழுக்காடு மிகச் சிறியனவாகவோ, அகராதிச் சொற்களாகவோ இருந்தன. முப்பதாண்டு கழித்து, 2009 திசம்பரில் ராக்யூ என்னும் நிறுவனத்தின் 3 கோடியே 20 இலட்சம் கடவுச்சொற்கள் வெளியே கசிந்தன. ஒன்று முதல் ஆறு வரையுள்ள எண்களை வரிசையாக வைத்தோர் மட்டும் ஏறத்தாழ 2 இலட்சத்து 90 ஆயிரம் பேர். அப்பட்டியல் இன்றளவும் கள்வர்க்கு அகராதியாக விளங்குகின்றது. அல்-கிந்தி எழுத்துகளை எண்ணினார். இவர்கள் முழுச் சொற்களையே எண்ணி வரிசைப்படுத்துகின்றனர். முறை ஒன்றே.

மாணவரின் வினாவுக்கு இப்பொழுது விடை கிடைக்கின்றது. குழந்தையின் பெயர், ஊர்ப்பெயர், பிறந்த ஆண்டு, நிறுவனப் பெயர் ஆகியன பட்டியலில் உள்ளன. முதலெழுத்தைப் பெரிதாக்குவதும், இறுதியில் 123 சேர்ப்பதும், ஓர் எழுத்துக்கு ஈடாகக் குறியீடு இடுவதும் விதிகளாகவே அவர்கள் கணிப்பொறியில் எழுதப்பட்டுள்ளன. இறைப்பற்றினால் நம்மவர் 786 சேர்ப்பதும், பிற சமயத்தார் தத்தம் தெய்வப் பெயரைச் சேர்ப்பதும் அவர்கள் அறிந்ததே. பிசுமில்லாஹ் என்னும் திருத்தொடரின் எழுத்தெண் மதிப்பாக வழங்குவது 786. கடிதம் இறைவன் பெயரால் தொடங்கும் என்று அன்று அல்-கலீல் கணித்தார். கடவுச்சொல் இறைவன் பெயரால் முடியும் என்று இன்று கள்வன் கணிக்கின்றான். நம் பக்தியைக் குறை கூறுதற்கில்லை. ஊரறிந்த ஒன்று இரகசியமாகாது என்பதே கருத்து.

எண்ணிக்கை கூறும் பாடம்

விளையாட்டுக் கணிப்பொறிகளில் பொருத்தப்படும் வரைகலை அட்டை ஒன்று, பழைய வகை ஹாஷ்களை நொடிக்கு ஆயிரம் கோடிக்கு மேல் முயன்று பார்க்கவல்லது. ஆயிரம் கோடி என்றே கொண்டு கணக்கிடுவோம். இந்தியக் கைப்பேசி எண் ஒன்றைக் கடவுச்சொல்லாக வைத்தால், 400 கோடி வாய்ப்புகளே உண்டு. அரை நொடிக்குள் முடிந்துவிடும். எட்டுச் சிற்றெழுத்துகள் கொண்ட ஆங்கிலச் சொல்வடிவம் ஏறத்தாழ 21 நொடிகளில் முடியும். எழுந்தமானமாக அமைந்த பன்னிரண்டு எழுத்துகளுக்கு 110 நாள்கள் வேண்டும். பதினாறு எழுத்துகளுக்கோ 1 இலட்சத்து 38 ஆயிரம் ஆண்டுகள் ஆகும். குறியீடுகளைத் திணிப்பதினும் நீளத்தைக் கூட்டுவதே வலிமை தருவது என்பது இதனால் விளங்கும்.

வங்கிகளும் வழுக்கிய நிலை

சிறு நிறுவனங்களே ஏமாறுகின்றன என எண்ணுதல் தவறு. கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியின் அமைப்பிற்குள் 2018 பிப்ரவரியில் கள்வர் புகுந்தனர். ஏறத்தாழ 20 இலட்சம் டாலர் பெறுமான மூன்று அனுப்புகைகளை, வங்கியின் பெயரால் துபாய், துருக்கி, சீனா ஆகிய இடங்களுக்கு அனுப்ப முயன்றனர். உறுதிச்செய்திகளை அச்சிடும் பொறியும் முடக்கப்பட்டிருந்தது. மறுநாள் கணக்கைச் சரிபார்த்தபோதே உண்மை தெரிந்தது. துபாய்க்கு அனுப்பப்பட்ட தொகை தடுத்து நிறுத்தப்பட்டது.

இதற்கு ஈராண்டு முன்னர், 2016 பிப்ரவரியில், வங்காளதேச மத்திய வங்கியிலும் இவ்வாறே நிகழ்ந்தது. 8 கோடியே 10 இலட்சம் டாலர் பிலிப்பைன்சுக்குச் சென்றது. இலங்கைக்கு அனுப்பப்பட்ட 2 கோடி டாலர் மீண்டது. காரணம், பெறும் அமைப்பின் பெயரில் ‘பவுண்டேசன்’ என்னும் ஆங்கிலச் சொல்லைக் கள்வர் பிழையாக எழுதியிருந்தனர். இடையிலிருந்த வங்கி அதனைக் கண்டு விளக்கம் கேட்டது. எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைத்தால் வருந்தும் மாணவர்கள், ஓர் எழுத்துப்பிழை 2 கோடி டாலரைக் காத்ததை நினைவிற் கொள்வார்களாக.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் வங்கிகளுக்கிடையே செய்தி செல்லும் வழியின் மறையாக்கம் உடைபடவில்லை. துண்டுக்கு அடியில் கையை நுழைத்தவர் வேறொருவர்; அவ்வளவே.

நாம் செய்ய வேண்டுவன

நம் அலுவலகங்களில் கடவுச்சொல்லைத் திரையின் ஓரத்தில் ஒட்டிவைக்கின்றோம். ஜி.எஸ்.டி. கணக்கின் கடவுச்சொல்லை வாட்ஸ்அப்பில் பலர்க்கும் அனுப்புகின்றோம். கணக்காளரோ மெர்ச்சண்டைசரோ வேலையை விட்டுச் சென்ற பின்னும் அதனை மாற்றுவதில்லை. பிரிண்டிங், எம்பிராய்டரி ஜாப் ஒர்க் செய்யும் இடங்களுக்குப் போய் வரும் பென் டிரைவை, எந்தச் சோதனையுமின்றிக் கணக்கு எழுதும் கணிப்பொறியில் செருகுகின்றோம். இவையெல்லாம் திறவுகோலை வாயிற்படியில் வைத்தலுக்கு ஒப்பானவை. மாற்று வழிகள் கடினமானவை அல்ல.

ஒன்று, கடவுச்சொல்லுக்கு ஈடாகக் கடவுத்தொடர் வைத்தல். தொடர்பற்ற ஆறு சொற்களைத் தாயம் உருட்டுவதுபோல் எழுந்தமானமாகத் தேர்ந்து, ஆங்கில எழுத்தில் கோத்துக்கொள்ளலாம். 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து அவ்வாறு ஆறு சொற்களை எடுத்தால், மேற்கூறிய வேகத்திலும் முழுத்தேடலுக்கு ஏறத்தாழ 7 இலட்சம் ஆண்டுகள் ஆகும். குறட்பாவையோ, மறை வசனத்தையோ, திரைப்பாடலையோ வைத்தல் ஆகாது; நூலில் உள்ளது பட்டியலிலும் இருக்கும். இக்கட்டுரையாளரும் நெடுநாள் ஒரு குறளின் முதற்சீரையே கடவுச்சொல்லாக வைத்திருந்தார் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டு, ஒவ்வொரு கணக்கிற்கும் வெவ்வேறு கடவுத்தொடர். ஓரிடத்தில் கசிந்ததைக் கொண்டு பிற இடங்களைத் திறந்து பார்ப்பது கள்வரின் அன்றாடத் தொழில். அனைத்தையும் நினைவில் வைத்தல் அரிது. அதற்கெனவுள்ள கடவுச்சொல் காப்பக மென்பொருளைப் பயன்படுத்தலாம்.

மூன்று, மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் இரண்டாம் சரிபார்ப்பை ஏற்படுத்துதல். அதற்கென வரும் எண்ணை எவர் கேட்டாலும் கூறலாகாது.

நான்கு, வங்கிக் கணக்கு மாறியதாகக் கடிதம் வந்தால், முன்பே அறிந்த தொலைபேசி எண்ணில் அழைத்து, குரல் கேட்டு உறுதி செய்தல். அக்கடிதத்திலுள்ள எண்ணை நம்பலாகாது. முகவரியையும் எழுத்தெண்ணிப் படித்தல் வேண்டும். ஆங்கிலத்தின் ஆர், என் ஆகிய இரு எழுத்துகளை அடுத்தடுத்து இட்டால் எம் போலத் தோன்றும். இம்மயக்கத்தால் ஏமாந்தோர் பலர்.

ஐந்து, முதன்மையான கணிப்பொறியைப் பிறவற்றினின்று பிரித்து வைத்தல். கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிருவாகக் கணிப்பொறி ஒன்றில் தீநிரல் புகுந்ததை, இந்திய அணுமின் கழகம் 2019 அக்டோபரில் ஒப்புக்கொண்டது. அக்கணிப்பொறி உள்ளமைப்பினின்று பிரிக்கப்பட்டிருந்ததால் நிலையத்தின் இயக்கம் பாதிக்கப்படவில்லை என்றும் தெரிவித்தது. பிரித்து வைத்தலின் பயன் இதுவே.

எத்துணைக் காப்பிருந்தும் பணம் பறிபோகுமாயின், வெட்கத்தால் மறைக்காது, உடனே வங்கிக்கும் 1930 என்னும் தேசிய உதவி எண்ணிற்கும் தெரிவித்தல் வேண்டும். முதல் சில மணி நேரமே பணத்தைத் தடுத்து நிறுத்தும் காலம்.

முடிவுரை

பிறர் நம்மிடம் ஒப்படைத்த பொருளை அமானிதம் என்கின்றோம். அதனைக் காத்தல் கடமை. கைநெகிழ விடுதல் குற்றம். நிறுவனத்தின் கணிப்பொறியில் இருப்பது முதலாளியின் கணக்கு மட்டுமன்று. தையல் பொறியின் முன் அமர்ந்திருக்கும் தாயின் ஆதார் எண்ணும், வங்கிக் கணக்கும், ஓராண்டு உழைப்பின் போனசும் அதனுள் அடங்கியுள்ளன. கடவுச்சொல் தட்டும் விரல் அவ்வமானிதத்தின் காவல்.

பாக்தாதின் அறிஞர் கண்ட உண்மை ஒன்றே: மறைப்பதில் மனிதன் வல்லவன், தன் பழக்கத்தை மறைப்பதில் வல்லவன் அல்லன். அம்மாணவர் அன்று மாலை, மகளின் பெயரைக் கடவுச்சொல்லிலிருந்து எடுத்துவிட்டு, ஒன்றோடொன்று தொடர்பற்ற ஆறு சொற்களைத் தேர்ந்து வைத்தார். அவை யாவை என இக்கட்டுரையாளர் கேட்கவில்லை, அவரும் கூறவில்லை. அதுவே முறை.